வித்தியாசமானவர்களை ஏற்றுக்கொள்ளக் குழந்தைக்குச் சொல்லித்தர எந்தப் படப்புத்தகங்கள் நல்லவை?

மகளுக்கு ஐந்து வயது, வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பையன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள், திட்டாமல் புத்தகம் வழியாகப் புரியவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் ‘நட்பு’, ‘ஏற்றுக்கொள்ளுதல்’ என்று அட்டையில் போட்டிருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவற்றில் சில, சொல்ல வந்ததற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்லிவிட்டுப் போகும்.

சின்னப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டுவது பல வருடங்களாக என் வேலை. இந்த வகைப் புத்தகம் எது கைக்கு வந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். கதை முடியும்போது மாறியிருப்பது யார்? ஒதுக்கப்பட்டவனா, ஒதுக்கியவர்களா? இது தெரிந்தால் போதும், வாங்கலாமா வேண்டாமா என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

சிவப்பு மூக்கு ருடால்ஃப் என்ற கலைமானை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-இல் மாண்ட்கோமரி வார்ட் என்ற அமெரிக்க வணிக நிறுவனம் கிறிஸ்துமஸுக்கு வாடிக்கையாளர்களிடம் இலவசமாகக் கொடுத்த கதை அது. எழுதிய ராபர்ட் மே அங்கே விளம்பரம் எழுதும் வேலையில் இருந்தவர். மூக்கு மின்னுவதால் மற்றக் கலைமான்கள் ருடால்ஃபைக் கேலி செய்கின்றன, விளையாட்டில் சேர்ப்பதில்லை. ஒரு பனிமூட்ட இரவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு வழிகாட்ட அந்த மூக்கின் வெளிச்சம் தேவைப்படுகிறது. உடனே ருடால்ஃப் எல்லோருக்கும் செல்லம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அன்றைக்குப் பனி மூடாமல் இருந்திருந்தால்? உங்கள் மகளின் வகுப்புப் பையனுக்கு மின்னும் மூக்கு எதுவும் இருந்தாக வேண்டியதில்லை. கணக்கில் சுமார், ஓவியத்தில் சுமார், கொஞ்சம் பிடிவாதக்காரன் என்றே இருக்கட்டும். அப்போதும் அவன் பக்கத்தில் ஒருவர் உட்காரத்தான் வேண்டும்.

‘தி ரெயின்போ ஃபிஷ்’ இன்னும் சிக்கல். சுவிஸ் ஓவியர் மார்கஸ் ஃபிஸ்டரின் புத்தகம், 1992-இல் வந்தது. பக்கத்தைச் சாய்த்தால் செதில்கள் பளபளக்கும். பிள்ளைகள் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். அழகான மீனுக்குக் கர்வம். செதில் கேட்டவர்களுக்குத் தர மறுக்கிறது, எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள். கடைசியில் ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு மின்னும் செதிலோடு நிற்கிறது. இப்போது நண்பர்கள் இருக்கிறார்கள். வாசித்து முடித்ததும் ஒரு பையன் கேட்டான்: “எல்லாம் குடுத்துட்டா அது அந்த மீனே இல்லையே?” சரியான கேள்வி. பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதை அது என்று வாதிடுவார்கள், இருக்கட்டும். உங்கள் தேவைக்கு அது உதவாது.

இந்தக் கதைகளில் இன்னொரு கோளாறும் உண்டு. கேட்கிற எந்தக் குழந்தையும் தன்னை ருடால்ஃபாகத்தான் நினைத்துக்கொள்ளும். கேலி செய்த மான்களில் ஒன்று நான் என்று எதுவும் நினைக்காது. உங்கள் மகள் இப்போது நிற்பதோ அந்த மான்களின் பக்கம். ஒதுக்கப்பட்டவனுக்காகக் கண் கலங்கிவிட்டு, மறுநாள் வகுப்பில் அதே பையனை விட்டுத் தள்ளி உட்காருவதில் குழந்தைக்கு எந்த முரணும் தெரியாது. (பெரியவர்கள் மட்டும் என்னவாம்?) அதனால் ஒதுக்கியவர்களின் வாயால் கதை சொல்லும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்படி ஒன்று, டாரோ யாஷிமா 1955-இல் எழுதி வரைந்த ‘க்ரோ பாய்’. ஜப்பானிய கிராமத்துப் பள்ளி ஒன்றில் நடக்கிறது. முதல் நாளே ஒரு பையனைக் காணோம். பள்ளிக் கட்டடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே உள்ள இருட்டில் ஒளிந்திருக்கிறான். குள்ளமாக இருப்பதால் சிபி என்று பெயர் வைக்கிறார்கள். வாத்தியாரைப் பார்த்தால் பயம், பாடம் ஏறவில்லை. பிள்ளைகளைப் பார்த்தாலும் பயம், நண்பர்கள் இல்லை. பார்க்கப் பிடிக்காததைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மாறுகண் ஆக்கிக்கொள்கிறான். கூரையை, மேசைப் பலகையை, முன்னால் இருப்பவன் சட்டைத் தோளில் உள்ள ஒட்டுத்துணியை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கிறான். இதையெல்லாம் நமக்குச் சொல்வது ‘நாங்கள்’; அதாவது அவனை முட்டாள் என்று கூப்பிட்ட அதே வகுப்பு.

ஆறாம் வருடம் இசோபே என்ற புது ஆசிரியர் வருகிறார். காட்டுத் திராட்சை எங்கே கிடைக்கும் என்று சிபிக்குத் தெரிவதில் அவருக்கு ஒரே சந்தோஷம். அவன் படங்களைச் சுவரில் மாட்டுகிறார், யாரும் இல்லாத நேரத்தில் அவனோடு பேசிக்கொண்டிருக்கிறார். பிறகு பள்ளி மேடையில் சிபி காக்கைக் குரல்களை எழுப்பிக் காட்டுகிறான்: அப்போதுதான் பொரித்த குஞ்சின் குரல், தாய்க் காக்கையின் குரல், அசம்பாவிதம் நடந்தால் காக்கைகள் கரையும் குரல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அழுகிறார்கள். இத்தனை வருடமும் அவனிடம் தப்பாக நடந்துகொண்டோமே என்ற அழுகை அது.

இதுவும் திறமை காட்டியபின் ஏற்றுக்கொள்ளும் கதைதானே என்று கேட்பீர்கள். பாதி உண்மைதான், எனக்கும் அந்த நெருடல் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் அவனோடு நெருங்குவது மேடைக்கு முன்பே, யாரும் கைதட்டாத நேரத்தில். வெட்கப்படும் பொறுப்பும் வகுப்பின் தலையில் விழுகிறது, சிபியின் தலையில் இல்லை. ஐந்து வயதுக்கு வார்த்தைகள் கொஞ்சம் அதிகம். நான் பாதியைப் படங்களை வைத்துச் சொந்த வாயால் சொல்லிவிடுவேன்.

‘தி இன்விசிபிள் பாய்’ (2013) உத்தியில் கெட்டிக்காரத்தனமானது. ட்ரூடி லட்விக் எழுத, பாட்ரிஸ் பார்ட்டன் வரைந்திருக்கிறார். வகுப்பு முழுக்க வண்ணம். பிரையன் என்ற பையன் மட்டும் சாம்பல் பென்சில் கோட்டில். ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது அவனைக் கூப்பிடுவதில்லை, பிறந்தநாளுக்கும் அழைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஜஸ்டினை மற்றவர்கள் கேலி செய்ய, பிரையன் ஒரு படம் வரைந்து அவனுக்கு வைக்கிறான். ஜஸ்டின் அதைக் கவனித்துப் பேசியபின் பிரையன் மேல் மெல்ல வண்ணம் ஏறத் தொடங்குகிறது. எழுத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்கே நிறம் தொடங்குகிறது என்று பிள்ளைகள் தாமாகவே பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டித் தேடுவார்கள். இங்கே யாரும் பெரிய சாதனை எதுவும் செய்வதில்லை. ஒருவன் இன்னொருவனைக் கவனித்தான், அவ்வளவுதான்.

டேவிட் மெக்கீயின் ‘எல்மர்’ (1968, பின்பு 1989-இல் மறுபதிப்பு) பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஒட்டுத்துணிப் போர்வை மாதிரிப் பல வண்ண யானை, சாம்பல் நிறம் பூசிக்கொண்டு கூட்டத்தோடு கலந்துவிடப் பார்க்கிறது. மழை வந்து சாயம் வெளுக்கிறது. எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வருவது: வருடத்துக்கு ஒரு நாள் மற்ற யானைகள் எல்லாம் வண்ணம் பூசிக்கொள்கின்றன. மாறுவது கூட்டம். சந்தேகமில்லாமல் வாங்கலாம்.

விலங்குக் கதைகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொல்வேன். டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய கதை ஒன்றை வாசித்தார்கள். மனிதப் பாத்திரங்களோடு கேட்ட குழந்தைகள் பிறகு ஸ்டிக்கர்களை அதிகம் பகிர்ந்தார்கள். அதே கதையை மனிதர் போல உடுத்திய விலங்குகளோடு கேட்டவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. ஒரே ஒரு ஆய்வுதான், ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. யானைக்கும் பக்கத்து இருக்கைப் பையனுக்கும் உள்ள தொடர்பை ஐந்து வயது தானாகப் போட்டுக்கொள்ளாது. பதிப்பாளர்களுக்கோ விலங்குகள் பாதுகாப்பான வழி: விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தைநூல் மையம் எடுத்த கணக்கில், 2018-இல் வந்த புத்தகங்களில் 27 சதவீதத்தில் முக்கியப் பாத்திரம் விலங்கு அல்லது வேறு ஏதாவது பொருள், கறுப்பினப் பாத்திரம் 10 சதவீதம்.

வித்தியாசத்தைப் பிரச்சினையாகவே காட்டாத புத்தகங்களும் வேண்டும், ஒருவேளை அவைதான் அதிகம் வேண்டும். எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ (1962) அப்படிப்பட்டது. சிவப்பு உடுப்பு போட்ட பீட்டர் பனியில் நடக்கிறான், தடம் பதிக்கிறான், பனி உருண்டையைப் பையில் போட்டுவைக்கிறான், அது கரைந்துபோகிறது. அவன் கறுப்பினச் சிறுவன் என்பது படத்தில் மட்டுமே தெரியும். இப்போது இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். 1965-இல் நான்சி லாரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் கணக்கெடுத்தபோது, முந்தைய மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் வந்த 5,206 குழந்தைநூல்களில் ஒரு கறுப்பின ஆளாவது இடம்பெற்றவை 349 மட்டுமே.

உங்கள் விஷயத்துக்கு நேராக வருவது ‘சூசன் லாஃப்ஸ்’ (1999). ஜீன் வில்லிஸ் எழுத்து, டோனி ராஸ் படங்கள். சூசன் சிரிக்கிறாள், பாடுகிறாள், ஊஞ்சலாடுகிறாள், கோபப்படுகிறாள். கடைசிப் படத்தில்தான் அவள் சக்கர நாற்காலியில் இருப்பது தெரியும். அதைக் கடைசிவரை ஒளித்துவைத்ததில் எனக்கு முழு சம்மதம் இல்லை. நாற்காலி ஒரு வேடிக்கைத் திருப்பம் ஆகிவிடுகிறது. அதை ஈடுகட்ட, துலிகா வெளியிட்ட ‘கேட்ச் தட் கேட்’ கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தாரிணி விஸ்வநாத் எழுதியது. சக்கர நாற்காலிப் பெண் டிப் டிப், தோழியின் பூனையைத் தேடிக் கிளம்புகிறாள். படு சுட்டி. பரிதாபப்பட நேரமே தரமாட்டாள்.

வாசிக்கும் விதம் பற்றி இரண்டு வார்த்தை. பள்ளியில் சம்பவம் நடந்த அன்றே எடுத்து நீட்டாதீர்கள். தண்டனை என்று குழந்தை கண்டுபிடித்துவிடும். முடித்ததும் “என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்கவே கேட்காதீர்கள். “இந்தப் படத்துல யாரு யாரைப் பாக்குறாங்க?” என்றால் போதும், மீதியை அவளே பேசுவாள். நாற்காலி பயமாக இருக்கிறது, இடித்துவிடும் என்று சொன்னாலும் சொல்லலாம். பெரும்பாலும் காரணம் அவ்வளவு சின்னதாகத்தான் இருக்கும். அப்படிச் சொன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த நாற்காலி எப்படி நகரும், பிரேக் எங்கே இருக்கும் என்று பேசுங்கள்.

முதலில் சூசன், அடுத்து டிப் டிப், கொஞ்ச நாள் கழித்து பிரையன். ‘க்ரோ பாய்’ ஆறேழு வயதுக்கு. ‘ரெயின்போ ஃபிஷ்’ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், அந்த மீன் செதில் தர மாட்டேன் என்றே சொல்லியிருந்தால் மற்ற மீன்கள் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டுப்பாருங்கள்.