நீலகிரி மலை ரயிலை இழுக்கும் நீராவி எஞ்சின்கள் வெள்ளைக்காரன் காலத்தவைதானா? பழைய வகைகள் எல்லாம் என்ன ஆயின?

நான் குன்னூர்க்காரன். கேள்விக்குள்ளேயே ஒரு சின்னத் திருத்தம்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் ரயிலை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். பெட்டி ஏதாவது கழன்றாலும் உருண்டு ஓடிவிடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் காரணம். முதல் பெட்டியில் இடம் கிடைத்தவர்களுக்கு எதிரே தண்டவாளமும் காடும் மட்டும் தெரிகிறதே, அது இந்த ஏற்பாட்டின் உபயம்.

இனி பதில். ஓடுபவற்றில் வெள்ளைக்காரன் காலத்து வடிவம் உண்டு. ஆனால் இன்றைக்கு அன்றாட வண்டியைத் தள்ளுபவற்றில் பெரும்பாலானவை திருச்சி பொன்மலையில் இந்த நூற்றாண்டில் செய்தவை. "அப்போ எல்லாம் டூப்ளிகேட்டா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

மலைக்கு ரயில் போட வேண்டும் என்ற யோசனை, ரயில் ஓடத் தொடங்கிய 1899க்கு ரொம்ப முன்பே இருந்தது. சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்குப் பல் சக்கர ரயில் போட்ட ரிக்கன்பாக் என்ற எஞ்சினியரை 1882 வாக்கில் இங்கே வரவழைத்துத் திட்டம் போட்டார்கள். பணம் சேரவில்லை. பிறகு வந்த கம்பெனி 1891இல் வேலையைத் தொடங்கி, பாதியிலேயே திவாலானது. அதற்கும் பிறகு வந்தவர்கள்தான் 1899 ஜூனில் குன்னூர் வரை ரயிலைக் கொண்டுவந்தார்கள். ஊட்டிக்கு வந்து சேர 1908 ஆகிவிட்டது. ஆக, மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பி, 46 கிலோமீட்டரில் 2203 மீட்டருக்கு ஏறும் பாதை இது. 

அடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் உண்மையான ஏற்றம். 12 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் உயர வேண்டும். இரும்பு மேல் இரும்பு உருண்டு இந்தச் சரிவில் ஏறவே முடியாது, வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல் வைத்த பட்டைகள். ரோமன் அப்ட் என்ற இன்னொரு சுவிஸ்காரரின் முறை இது. இரண்டு பட்டைகளை அருகருகே பதித்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு தள்ளி வைத்திருப்பார்கள். எஞ்சினின் பல் சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். கல்லாறில் பல் பட்டை தொடங்கும் இடத்தில் முதல் துண்டு மட்டும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். வண்டி அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்து, சக்கரம் பல்லோடு சேரும்வரை மெதுவாக ஊர்வதை ஜன்னலோரம் இருப்பவர்கள் உணரலாம்.

முதலில் வந்த எஞ்சின்கள் இங்கிலாந்தின் பேயர் பீகாக் கம்பெனி செய்தவை. கூட்டம் கூடியது, பெட்டி கூடியது, அவற்றின் வலு போதவில்லை. பிறகு வந்ததுதான் இன்றும் ஓடும் 'எக்ஸ்' வகுப்பு. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்து கப்பலில் வந்தவை. 1925 வரை ஒரு தொகுதி வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு 1952இல் கடைசித் தொகுதி. அதாவது 'வெள்ளைக்காரன் காலத்து எஞ்சின்' என்று நாம் தொட்டுக் கும்பிடுகிறவற்றில் சில நேரு காலத்தவை.

இந்த எக்ஸ் வகுப்பின் நுட்பம் எனக்கு இன்றும் சலிக்காத விஷயம். அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு உந்து சக்கரம், பின்னால் இரண்டு துணைச் சக்கரம், தண்ணீரையும் எரிபொருளையும் தன் முதுகிலேயே சுமக்கும் உடம்பு. வழக்கமான நீராவி எஞ்சினுக்குப் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர் இருக்கும். இதற்குப் பக்கத்துக்கு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். மேலே இருப்பது பல் சக்கரத்தைச் சுற்றும். பாய்லரிலிருந்து புது நீராவி முதலில் கீழ் சிலிண்டருக்குப் போகிறது. மற்ற எஞ்சின்களில் அங்கே வேலை முடித்ததும் 'புஸ்' என்று புகைக்கூண்டு வழியே வெளியேறிவிடும். இங்கே பல் பாதையில் அதைத் தப்ப விடுவதில்லை. அந்தப் பயன்பட்ட நீராவியையே மேல் சிலிண்டருக்கு அனுப்பி, மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் பிழிந்தெடுத்துப் பல் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். கல்லாறுக்குக் கீழே சமதரையில் மேல் சிலிண்டருக்கு வேலையே கிடையாது.

எங்கள் தெருவில் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா இருந்தார். இதையெல்லாம் படம் போட்டு விளக்கச் சொல்லிக் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "கீழ இருக்கற கம்பி நடக்கறதுக்கு, மேல இருக்கற கம்பி ஏறறதுக்கு. இதுல என்ன தம்பி இருக்கு?"

ஆனால் இருக்கிறது. வழியில் ரன்னிமேடு அல்லது ஹில்குரோவ் ஸ்டேஷனில் வண்டி தண்ணீர் பிடித்துவிட்டுக் கிளம்பும்போது எஞ்சின் பக்கம் வந்து நின்று, சிலிண்டரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிகளைப் பாருங்கள். மேல் கம்பியும் கீழ் கம்பியும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். மேலே இருப்பது இரண்டு மடங்கு வேகத்தில் அடித்துக்கொள்ளும். விரிந்து வலுவிழந்த நீராவிக்கு அதிக இடம் வேண்டும். சிலிண்டரைப் பெரிதாக்கினால் இந்தச் சின்ன உடம்பில் இடமில்லை. அதனால் அதே அளவு சிலிண்டரை வேகமாக ஓடவிட்டு, நடுவில் கியர் கொடுத்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். பார்க்க எஞ்சின் தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்வது போலத் தெரியும். வண்டி போவது என்னவோ மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்.

இறக்கம் இன்னும் சுவாரசியம். சிலிண்டரையே காற்றமுக்கும் பம்பாக மாற்றி அந்த எதிர்ப்பில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார்கள். சூடேறாமல் இருக்க உள்ளே தண்ணீர் தெளிப்பார்கள். இதுவும் ரிக்கன்பாக் விட்டுச்சென்ற சொத்து. இது போதாதென்று எஞ்சினில் கை பிரேக், பல் சக்கர அச்சில் பட்டை பிரேக். பெட்டிக்கு ஒருவராகப் பிரேக்ஸ்மேன்கள் வெளித்திண்ணையில் கொடியோடு நிற்பார்கள், மழையானாலும் பனியானாலும்.

இப்போது பழைய எஞ்சின்களைக் காப்பாற்றி வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 1990களின் கடைசியில் வின்டர்தூர்க் கம்பெனியே உடைந்து கைமாறிவிட்டது. உதிரி பாகம் கேட்டுக் கடிதம் போட ஆளில்லை. இங்கே பாய்லர்கள் களைத்துப் போயிருந்தன. நல்ல நிலக்கரி கிடைப்பது கஷ்டம். கோடையில் தீப்பொறி பறந்து காட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. 2002இல் ஒரு எஞ்சினை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். 2005 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் வந்தது. டார்ஜிலிங்குக்கு அது 1999லேயே கிடைத்துவிட்டது. பட்டம் வந்துவிட்டது, ஆனால் பட்டத்தைத் தள்ளிக்கொண்டு மலையேற எஞ்சின் வேண்டுமே?

அந்த இடத்தில்தான் பொன்மலை ஒர்க்‌ஷாப் உள்ளே வருகிறது. தென்னிந்திய ரயில்வே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் திருச்சிக்கு இடம்மாறிய தொழிற்சாலை அது. 2011 தொடங்கி நான்கு புதிய எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைச் செய்து அனுப்பினார்கள், எண்ணெயில் எரிபவை. 37396 முதல் 37399 வரை எண்கள். நீலக்குறிஞ்சி என்றெல்லாம் பெயரும் வைத்தார்கள். 2021இல் நிலக்கரியில் எரியும் ஒன்றையும் செய்தார்கள். உலகத்தில் பல இடங்களில் நீராவி எஞ்சினைப் புதுப்பிக்கிறார்கள். நாலு சிலிண்டரும் பல் சக்கரமும் கொண்ட ஒன்றை மூலக் கம்பெனி இல்லாமல் அடிமட்டத்திலிருந்து செய்து, அன்றாடம் பயணிகளோடு ஓட விடுவது வேறு விஷயம். செய்து முடித்தாலும் அதைக் கொண்டுவருவது ஒரு கூத்து. சுற்றிலும் எல்லாம் அகலப்பாதையாகிவிட்டதால் இந்த மீட்டர்கேஜ் எஞ்சின் தன் சக்கரத்தில் வீட்டுக்கு வர முடியாது. டிரெய்லர் லாரியில் ஏறித்தான் வர வேண்டும்.

டூப்ளிகேட் என்று சொல்பவர்களிடம் எனக்கு இதுதான் வாதம். எந்த எஞ்சினிலும் முப்பது நாற்பது வருடத்தில் பாய்லர், சக்கர வளையம், பல் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, கம்பி வேலி போட்டு நிறுத்தியிருக்கும் எஞ்சின் அசல்தான். ஆனால் அதன் குழாய்களுக்குள் ஈரம் புகுந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ஒரு ஃபிட்டரும் தொழில் கற்றுக்கொள்ள முடியாது. வால்வை எப்போது திறப்பது, இறக்கத்தில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்ற கைப்பழக்கம் ஓடுகிற எஞ்சினில்தான் கைமாறும். பழையவை அத்தனையையும் கழற்றிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சுவிஸ் எஞ்சின்களில் இரண்டு மூன்றையாவது அசல் நிலையில் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். குன்னூர் மழையில் திறந்தவெளியில் நிறுத்துவதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிலக்கரியா எண்ணெயா என்ற சண்டையில் நான் பாதிப் பக்கம். எண்ணெய்ப் புகையில் அந்தப் பழைய வாசம் இல்லை என்பது உண்மை. ஆனால் மலையேறும் நேரம் முழுக்கக் கரி வாரிப் போட்டவரின் முதுகைப் பற்றி ரசிகர்கள் யாரும் பேசுவதில்லை. அந்த ஃபயர்மேன் தாத்தாவிடம் கேட்டால், எண்ணெய் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்பார்.

நீங்களே நேரில் பிரித்துப் பார்க்க விரும்பினால் எண் பலகையைப் பாருங்கள். 37384 முதல் 37395 வரை சுவிஸ், அதற்கு மேல் பொன்மலை. ஊட்டியில் தேடாதீர்கள்; குன்னூருக்கு மேலே பல் பாதை இல்லை, அங்கே பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி குன்னூர் வந்ததும் எஞ்சின் மாறும். கழற்றிய நீராவி எஞ்சின் ஷெட்டுக்குள் போவதற்குள் பக்கத்தில் போய்விடலாம். அக்டோபர், நவம்பரில் வருவதாக இருந்தால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மண் சரிந்தால் நாள்கணக்கில் வண்டி ரத்தாகும்.