அலர்ஜி மாத்திரைக்கு மாதம் 1,800 ரூபாய்: ஜெனரிக்குக்கு மாறலாமா?

கேள்வி: பல்லடத்தில் இருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எனக்கும் அப்பாவுக்கும் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாது. அப்பாவுக்கு 67 வயது, முப்பது வருடம் தறி ஓட்டியவர். மருத்துவக் காப்பீடு இல்லை. இருவருக்கும் மாண்டெலுகாஸ்ட், லீவோசெட்ரிசின் சேர்ந்த மாத்திரை, மூக்கு ஸ்பிரே என மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. ஆடிக்காற்றில் இன்னும் கூடும். பிராண்ட் பெயர் இல்லாமல் அதே மருந்தாக விற்கும் ஜெனரிக்குக்கு மாறினால் மிச்சமாகுங்களா? அதை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் எஸ்.ஐ.பி.யில் போடலாமா?

பதில்: கண்டிப்பாக மிச்சமாகும். மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துக்கும் காப்புரிமை முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒரே கலவையை எத்தனையோ கம்பெனிகள் தங்கள் தங்கள் பெயரில் விற்கின்றன. நீங்கள் கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பங்கு அட்டையில் அச்சடித்த அந்தப் பெயருக்குத்தான். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் விலை பொதுவாகப் பாதிக்கும் கீழே இருக்கும். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் கிடைக்கிறது. சில நாள் சரக்கு இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் டாக்டர் எழுதிய சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால், கடைக்காரர் தானாக வேறு கம்பெனி மாத்திரையை மாற்றித் தரச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் மருந்தின் பெயரையே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். டாக்டரிடம் போய் விலையைப் பற்றிப் பேசுவதா என்று நம் பக்கத்தில் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்பதில் தப்பே இல்லைங்க. வாங்கும்போது மில்லிகிராம் அளவு பொருந்துகிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது, சீட்டு இல்லாமலே தொடர்வது இரண்டும் வேண்டாம். மாண்டெலுகாஸ்ட் சிலருக்கு மனநிலையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020-ல் கடுமையாக எச்சரித்தது. டாக்டர் கண்காணிப்பு அவசியம்.

சரி, பணத்துக்கு வருவோம். செலவு பாதியானால்கூட வருடத்துக்கு 10,800 ரூபாய். எஸ்.ஐ.பி. அப்புறம் பார்க்கலாம். முதலில் அதை அப்பாவின் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஒதுக்குங்கள். இந்த வயதில் பிரீமியம் அதைவிடக் கூடத்தான் இருக்கும், ஆனாலும் கைகொடுக்கும். விண்ணப்பத்தில் அலர்ஜியை மறைக்கவே கூடாது. தும்மல்தானே என்று விட்டால், பின்னால் மூச்சுத்திணறலுக்கு அட்மிட் ஆகும்போது அதையே காரணம் காட்டி க்ளைமை மறுக்கலாம்.

பாலிசி கிடைக்கும்வரை இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், காப்பீடு இல்லாத 60 வயது கடந்த பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவில் வருடம் 50,000 ரூபாய் வரை, 80டி என்று நாம் பழகிய சலுகையில் வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. அப்பாவின் மருந்துக்குத் தனி பில் போடச் சொல்லி, யு.பி.ஐ.யிலேயே கட்டுங்கள்.