முட்டையை எண்ணினீர்களா?

கேள்வி: கல்லூரி ஆய்வுக்காக, சிக்கோ மரபணு பழுதான பழ ஈக்களையும் சாதாரண ஈக்களையும் வளர்த்து ஆயுளை ஒப்பிட்டேன். முதல் முறை பழுதானவை கூடுதல் நாள் வாழ்ந்தன. மறுமுறை வித்தியாசமே இல்லை. எதை நம்புவது?

பதில்: குப்பிக்கு எத்தனை முட்டை என்று நீங்கள் எழுதவில்லையே! சிக்கோ இன்சுலின் சமிக்ஞைப் பாதையைச் (உணவுக்கேற்ப உடல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் செய்தித் தொடர்) சேர்ந்தது. அது பழுதான பெண் ஈக்கள் நீண்ட நாள் வாழ்வது 2001-லேயே தெரிந்தது. தாய்வழி, தந்தைவழி என்று வரும் இரு பிரதியும் பழுதானால் ஈ குள்ளமாகிவிடும். ஒன்று மட்டும் பழுதானால் உடல் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும், ஆயுளும் கூடும். ஆகவே குள்ளம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் புழுப்பருவ நெரிசலும் ஆயுளை மாற்றும். ஒரே குப்பியில் முன்னூறு புழுக்கள் நெளிந்தால் உணவு போதாது, கழிவு சேரும். வளர்ச்சி தாமதித்து, சிறிய ஈக்களாக வெளிவரும். பெரும்பாலும் அவையே அதிக நாள் வாழும். கிளேர், லக்கின்பில் என்ற ஆய்வாளர்கள் 1985-ல் காட்டியது இன்னும் சுவையானது: நீண்ட ஆயுளுக்கென்று தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சங்களின் மேன்மை, புழுக்களை நெரிசலில் வளர்த்தபோதுதான் தெரிந்தது. தாராளமாக இடம் கொடுத்ததும் மறைந்தது. மரபணு அதேதான். உங்கள் இரு முடிவும் வேறுபட்டதற்கு நெரிசல் மாறியதும் காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். பழச்சாறு கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் சில மணி நேரம் முட்டையிட விட்டு, குப்பிக்கு 50 முட்டை எண்ணிப் போடுங்கள். 25 டிகிரியில் பத்தாம் நாள் வாக்கில் ஈக்கள் வரும். 24 மணி நேரத்துக்குள் வந்தவற்றை மட்டும் எடுத்து, இரண்டு நாள் இணைசேர விட்டு, கார்பன் டை ஆக்சைடில் சற்றே மயக்கிப் பெண் ஈக்களைப் பிரித்தெடுங்கள். குப்பிக்கு 10 வீதம், வகைக்கு 100-க்குக் குறையாமல். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புது உணவுக்கு மாற்றுங்கள். தாமதித்தால் ஈரத்தில் ஒட்டிச் சாகும், அதை முதுமைக் கணக்கில் எழுதிவிடுவீர்கள். பறந்து தப்பியதை இறந்ததாகக் குறிக்காதீர்கள். தப்பிய நாள்வரை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரு வகையும் ஒரே மரபுப் பின்னணியா என்பதையும் பாருங்கள். குறைந்தது ஆறு தலைமுறை பின்கலப்பு (பழுதான வகையைச் சாதாரண வகையோடு மீண்டும் மீண்டும் இணைசேர்ப்பது) செய்யாத ஒப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். ஒரு வகையில் மட்டும், பூச்சிகளின் செல்களுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியா இருந்தாலும் ஆயுள் மாறலாம்.

கேள்வி: புழுவாக இருந்தபோது உண்டது, ஈயான பிறகும் ஆயுளைத் தொடருமா?

பதில்: தொடரும், ஆனால் உடலுக்குள் பதிந்த நினைவாகத்தான் என்று நினைக்க வேண்டாம். ஈஸ்ட் குறைந்த உணவில் வளர்ந்த ஈக்கள் அதிக நாள் வாழ்வதை 2017-ல் ஆராய்ந்தபோது, ஈக்கள் சுற்றுப்புறத்தில் படியவிடும் கொழுப்புப் பொருட்களே ஒன்றையொன்று நச்சூட்டுவது தெரிந்தது. ஈஸ்ட் குறைவாக உண்டு வளர்ந்தவை அதைக் குறைவாகவே படியவிடுகின்றன. குப்பியை அடிக்கடி மாற்ற இது இன்னொரு காரணம்.