ரிப்போர்ட்டில் ஜிஜேபி2 என்று வந்திருக்கிறதா? கேள்விகளும் பதில்களும்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளின் மரபணு ரிப்போர்ட்டில் ஜிஜேபி2 என்ற மரபணுவின் பெயரைப் பார்த்த பெற்றோர் கேட்டவை இவை.

கேள்வி: மேடம், எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இந்தக் குறை இல்லை. சொந்தத்திலும் கட்டவில்லை. அப்புறம் மகனுக்கு மட்டும் எப்படி?

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இந்த மரபணுவில் நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும், காது நன்றாகவே கேட்கும். உங்களிடம் ஒரு பழுதுப் பிரதி, கணவரிடம் ஒன்று. இரண்டும் மகனிடம் சேர்ந்துவிட்டன. சொந்தத்தில் கட்டினால் இதற்கான வாய்ப்பு கூடும், ஆனால் அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் நேரும். கிரகணத்தன்று வெளியே போனாய், அதனால்தான் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இந்த மரபணுவுக்கு என்னதான் வேலை?

பதில்: 13ஆம் குரோமோசோமில் இருந்துகொண்டு கனெக்சின் 26 என்ற புரதத்தைச் செய்கிறது. 226 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். ஆறு கனெக்சின்கள் வளையமாகக் கூடினால் செல்லின் சவ்வில் பாதிக் குழாய் தயார். பக்கத்துச் செல்லும் தன் பாதியைக் கொண்டுவந்து பொருத்தும். லைன் வீடுகளின் பொதுச் சுவரில் விட்ட துவாரம் மாதிரி: குழம்புக் கிண்ணம் கைமாறும், அண்டா போகாது. அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் கடக்கும், பெரிய புரதங்கள் கடக்காது.

காதுக்குள் நத்தை போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை உணரும் மயிர்ச் செல்களைத் தாங்கும் செல்களிடையே இந்தக் குழாய்கள் ஏராளம். ஒலி கேட்கும்போது மயிர்ச் செல்லுக்குள் போகும் பொட்டாசியத்தைத் திருப்பி அனுப்புவதே இவற்றின் வேலை என்று நெடுநாள் விளக்கம் சொன்னார்கள். எலிகளில் பார்த்தபோது, இந்தப் புரதம் இல்லாவிட்டால் காக்ளியா வளர்வதே கோளாறாகிறது என்று தெரிந்தது. பொட்டாசியம் கதை மட்டும் போதாது என்பது என் கருத்தும்கூட.

கேள்வி: டபிள்யூ24எக்ஸ் என்று போட்டிருக்கிறதே?

பதில்: பழுதின் பெயர் அது. புரதத்தின் 24ஆம் இடத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் வரவேண்டும், அதற்கான மரபணு எழுத்துகள் டிஜிஜி. நடு ஜி, ஏ ஆகிவிட்டது. டிஏஜி என்றால் ‘நிறுத்து’. 226 வரை போகவேண்டியது 23இலேயே நின்றுவிடுகிறது. இந்தியாவில் இந்த மரபணுவில் அதிகம் காணப்படும் பழுது இதுதான். ஐரோப்பாவில் வேறு: வரிசையாக நிற்கும் ஆறு ஜிக்களில் ஒன்று விழுந்துவிடும்.

கேள்வி: ஒரு பிரதிதான் பழுது என்கிறார்கள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லையே?

பதில்: பக்கத்திலுள்ள ஜிஜேபி6 என்ற மரபணுவில் ஏதாவது துண்டு அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் காரணம் வேறு மரபணுவாகவும் இருக்கலாம்.

கேள்வி: காக்ளியர் இம்ப்ளாண்ட் பலன் தருமா?

பதில்: பெரும்பாலும் நன்றாகவே தரும். பழுது காக்ளியாவில்தான், செவி நரம்பு பொதுவாகச் சரியாக இருக்கும். தள்ளிப்போடாதீர்கள். பேச்சுப் பயிற்சியையும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: முதல் குழந்தைக்கு வந்துவிட்டது. அடுத்த மூன்றுக்கு வராதுதானே?

பதில்: அப்படிக் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு வாய்ப்பு, புதிதாக.

கேள்வி: நானும் என் மனைவியும் காது கேளாதவர்கள். எங்கள் குழந்தை?

பதில்: இருவருக்குமே ஜிஜேபி2இன் இரண்டு பிரதிகளும் பழுது என்றால் குழந்தைக்கும் அதுவே. உங்கள் காரணம் ஒன்று, அவர் காரணம் வேறொன்று என்றால் குழந்தைக்குக் காது கேட்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லமுடியும்.