பேஸ்மென்ட் டக்டில் துருவும் நீர்ச்சொட்டும்: முழுவதையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி இதுதான்: கனடாவில் வீடு வாங்கி முதல் கோடை. பேஸ்மென்ட் (நிலவறை) கூரையை ஒட்டி ஓடும் தகர டக்டிலிருந்து, அதாவது ஏசி காற்றையும் குளிர்காலத்தில் சூடான காற்றையும் அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாயிலிருந்து, தண்ணீர் சொட்டுகிறது, இணைப்புகளில் துரு. பார்க்க வந்தவர் மொத்தத்தையும் மாற்றச் சொல்லிவிட்டார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். புது டக்ட் போட்டாலும் அடுத்த ஜூலையில் அதுவும் வியர்க்கும்.

நான் இருப்பது டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில். எங்கள் வீட்டில் இந்தக் கூத்து தொடங்கியது, மாமனார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த கோடையில். பேஸ்மென்டில் வாடை அடிக்கிறது, காற்றோட்டமே இல்லை என்று காலையில் எழுந்ததும் அங்கிருக்கும் இரண்டு சின்ன ஜன்னல்களையும் திறந்து வைத்துவிடுவார். மாமா சொல்வது சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன். பத்தே நாளில் அரிசி மூட்டை மேல் சொட்டு விழ ஆரம்பித்தது. நேர் மேலே குளியலறை. பைப் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் கூரையில் ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு, ஒழுகல் எதுவும் இல்லை என்று சொல்லி, பில்லை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் வந்தது காற்றிலிருந்து. ஏசி ஓடும்போது டக்டுக்குள் போகும் காற்று சுமார் 13 டிகிரி செல்சியஸ். தகரமும் கிட்டத்தட்ட அந்தக் குளிர்ச்சிக்கு வந்துவிடும். பேஸ்மென்ட் 22 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 16 டிகிரிக்கு இறங்கினாலே தண்ணீராகத் தொடங்கிவிடும். அதே 22 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதம்தான் என்றால் 11 டிகிரி வரை தாங்கும். டக்ட் வியர்ப்பதும் வியர்க்காததும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வெளியே 30 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஜன்னலைத் திறந்தால், 21 டிகிரியிலேயே நீராகிவிடும் காற்று உள்ளே வருகிறது. கும்பகோணத்து வீட்டில் வெளிக்காற்றைவிட அவ்வளவு குளிர்ந்த பொருள் எதுவும் கிடையாது, அதனால் அங்கே மாமாவின் வைத்தியம் பலிக்கும். இங்கே மண்ணுக்கடியில் இருக்கும் சுவரே குளிர்ச்சி, அதற்கு மேல் ஏசி வேறு.

அப்புறம் துரு. டக்ட் என்பது துத்தநாகப் பூச்சு போட்ட எஃகுத் தகடு. ஈரம் காயாமல் நின்றால் முதலில் துத்தநாகம் அரித்து வெள்ளைப் பொடியாக வரும். பூஞ்சை என்று பலர் பயப்படுவது இதைத்தான். துடைத்துக் காயவிட்டால் போதும். பழுப்பாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், அந்த இடத்தில் பூச்சு போய் இரும்பே அரிக்கிறது என்று பொருள். இணைப்புகளில் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: தகட்டை வெட்டிய ஓரத்திலும் ஸ்க்ரூ துளையிலும் பூச்சு கிடையாது, போதாததற்கு அங்கேதான் குளிர்காற்றும் கசியும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். போகாவிட்டால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து துத்தநாக பெயின்ட் அடித்தால் சரி.

துரு எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நீளவாக்கில் பரவலாக இருந்தால் அது வியர்வை. ஃபர்னஸுக்கு (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) நேர் மேலேயுள்ள பெட்டியில் மட்டும் என்றால், காற்றைக் குளிர்விக்கும் ஏசி காயிலின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது குளிர்காலத்தில் காற்றுக்கு ஈரம் சேர்க்க ஃபர்னஸோடு இணைத்த ஹியூமிடிஃபையர் கசியலாம். அந்த ஹியூமிடிஃபையரைக் கோடையில் நிறுத்தி, அதன் டேம்பரையும் (காற்றை அடைக்கும் தகடு) மூட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மூன்றாம் வருடம்தான் தெரியும்.

நான் செய்தது பெரிய வேலை இல்லை. முதலில் ஒரு ஹியூமிடிட்டி மீட்டர். ஜன்னல்கள் திறந்திருந்த நாட்களில் 74 காட்டியது. ஜன்னலை மூடி, காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையரை 50 சதவீதத்தில் வைத்தேன். அதன் ஹோஸைத் தரையிலுள்ள வடிகாலில் விட்டுவிடுங்கள், தினமும் இரண்டு முறை வாளியைக் கொட்டுவது ஒரு வாரத்துக்கு மேல் நடக்காது. துணி உலர்த்தும் மெஷினின் பின்னால் குழாய் கழன்று கிடந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவையும் துணியின் ஈரம் முழுக்க பேஸ்மென்டுக்குள்ளேயே வந்திருக்கிறது! டக்ட் இணைப்புகளுக்கு அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டினேன். டக்ட் டேப் என்று விற்கும் சாம்பல் நிறத் துணி டேப் டக்டுக்கு மட்டும் உதவாது, சூட்டில் காய்ந்து உரிந்துவிடும்.

டக்டின் மேல் போர்த்தும் இன்சுலேஷன் கடைசியில்தான். ஃபாயில் பக்கம் வெளியே பார்க்க வேண்டும், ஒரு விளிம்பு விடாமல் ஒட்ட வேண்டும். இடைவெளி விட்டாலோ ஈரத் தகரத்தின் மேல் போர்த்தினாலோ, துரு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வளரும்.

இதுவரை சொன்னதெல்லாம் காற்று போகும் டக்டுக்கு. கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டரிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் உலோகக் குழாயில் துரு இருந்தால் கதையே வேறு. எரிந்த வாயு ஒழுங்காக வெளியேறாமல் குழாய்க்குள்ளேயே ஈரமாகப் படிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படியானால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும் ஆபத்து உண்டு. அதைத் தேய்த்து பெயின்ட் அடிக்காதீர்கள். ஹீட்டரை அணைத்துவிட்டு, உரிமம் உள்ள கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தால் ஒன்றும் ஆகிவிடாது.