ஒரே பிரதி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கறுப்பின எழுத்தாளர்கள் தங்கள் முதல் புத்தகத்தை அச்சில் பார்ப்பதற்குள் பட்ட பாட்டைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைத் தொட்டே வந்திருக்கின்றன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டேன். நான் 27 வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். சனிக்கிழமை அரைநாள் விடுமுறையில் அண்ணா சாலை அமெரிக்க நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான் இவர்களெல்லாம் எனக்குப் பழக்கமானார்கள்.

*பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். இரண்டு சின்னப் பிள்ளைகள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நோட்டைக் கையில் எடுக்க முடிகிறது. எடுத்தால் கண்ணைச் சுழற்றுகிறது. டோனி மாரிசன் போன்றவர்களுக்கு எழுத நேரம் எப்படி அம்மா கிடைத்தது?*
– ஒரு வாசகி, திருப்பூர்

கிடைக்கவில்லை அம்மா. உங்களுக்குக் கிடைக்காத மாதிரியேதான்.

வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்னாளில் பெரிய அமெரிக்க நாவலாசிரியரான மாரிசன் ஒரு எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார். அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், ஆனால் எதையாவது எழுதிக்கொண்டு வந்தால்தான் வரலாம் என்பது விதி. பழைய பள்ளிக்கூட எழுத்தையெல்லாம் வாசித்துத் தீர்த்த பிறகு, கொண்டுபோக ஒன்றும் இல்லாமல், நீலக் கண் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு கறுப்புச் சிறுமியைப் பற்றி ஒரு சின்னக் கதை எழுதினார். சிறுவயதில் கூடப் படித்த ஒரு பெண் அப்படிச் சொன்னது அவர் மனதிலேயே கிடந்திருக்கிறது.

அந்தக் கதை அப்படியே கிடந்தது. திருமணம் முறிந்தது. இரண்டு மகன்களோடு நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரத்துக்குப் போய், பாடப்புத்தகம் வெளியிடும் ஒரு நிறுவனத்தில் எடிட்டர் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்தப் பழைய கதையை எடுத்து வைத்துக்கொண்டார். அது நாவலாகி, 'தி ப்ளூவஸ்ட் ஐ' என்ற பெயரில் 1970-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 39.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஒரு சின்ன விஷயம். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மடியிலிருந்த பையன் குடித்த ஆரஞ்சு ஜூஸை அந்தத் தாள் மேலேயே கக்கிவிட்டான். அவர் துடைக்கவில்லை. ஈரத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரியை எழுதினார். கக்கலை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம், அந்த வாக்கியம் மறுபடி வருமோ வராதோ என்று பின்னாளில் காரணம் சொன்னார். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதோ குக்கர் விசில் எண்ணும்போதோ உங்களுக்கு ஒரு வரி வந்தால் அதை அங்கேயே எழுதிவிடுங்கள். பால் கணக்கு எழுதும் காலண்டர் தாள் போதும்.

இன்னொன்று. பத்து மணிக்குக் கண்ணைச் சுழற்றினால் தூங்கிவிடுங்கள். மாரிசனும் பின்னால் விடியலுக்கு மாறிக்கொண்டார். பிள்ளைகள் 'அம்மா' என்று கூப்பிடுவதற்கு முந்தைய நேரம் அது. இருட்டு இருக்கும்போதே எழுந்து, காபி போட்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு உட்காருவார். நோபல் பரிசு வாங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. ஆக்டேவியா பட்லர் என்ற அமெரிக்கக் கறுப்பின அறிவியல் புனைகதை எழுத்தாளர் இதற்கும் முன்னால், ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போனவர். பாத்திரம் கழுவியிருக்கிறார், போனில் பொருள் விற்றிருக்கிறார், சிப்ஸ் கம்பெனியில் கெட்டுப்போன சிப்ஸைப் பொறுக்கியிருக்கிறார். உங்களைப் போல அவரும் செக்கிங் பார்த்தவர் என்பதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

*எழுத ஆசை இருக்கிறது, கரு கிடைக்க மாட்டேன் என்கிறது. பெரிய எழுத்தாளர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறது?*
– கல்லூரி மாணவர், மதுரை

பட்லரையே சொல்கிறேன் தம்பி. கலிஃபோர்னியாவின் பாசடேனா நகரம் அவர் ஊர். அப்பா ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். அந்த வீடுகளில் வேண்டாம் என்று தூக்கிப்போடும் புத்தகங்களை மகளுக்கு எடுத்து வருவார். பத்து வயதில் மகள் கேட்டாள் என்று ஒரு ரெமிங்டன் டைப்ரைட்டர் வாங்கிக் கொடுத்தார். அத்தை முறையில் ஒருவர், நல்ல மனதோடுதான், "கறுப்பர்கள் எழுத்தாளர் ஆக முடியாதம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

கல்லூரியில் கூடப் படித்த ஒரு கறுப்பின இளைஞன் ஒரு நாள் கோபமாகப் பேசினான். இத்தனை காலம் குனிந்து குனிந்து நம்மைப் பின்னுக்கு இழுத்த கிழடுகளையெல்லாம் கொல்ல வேண்டும், ஆனால் முடியாது, என் அப்பா அம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்றான். பட்லருக்கு உடனே தன் அம்மா ஞாபகம் வந்தது. பின்வாசல் வழியாக உள்ளே போனவர். காதில் விழுந்ததற்கெல்லாம் பதில் பேசாமல் வேலையைப் பார்த்தவர். சிறுமியாக இருந்தபோது அதைப் பார்த்து பட்லரும் அம்மா மேல் கோபப்பட்டிருக்கிறார். அந்தக் குனிவில்தான் தனக்குச் சோறு கிடைத்தது என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. இந்தப் பையனை இன்றைய உடம்போடும் இன்றைய ரோஷத்தோடும் அடிமைக் காலத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினால் எத்தனை நாள் உயிரோடு இருப்பான்? இதுதான் 'கிண்ட்ரெட்' நாவலின் கரு. எழுதும்போது ஆண் பெண்ணாக மாறினான். 1976-இல் வாழும் டேனா என்கிற கறுப்பினப் பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாந்து பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள்.

கரு வந்தபின் அவர் என்ன செய்தார் என்பதையும் கவனியுங்கள். கிரேஹவுண்ட் பஸ் ஏறி மேரிலாந்து போனார். ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அப்போது அங்கே அடிமைகளின் குடிசைகளைத் திரும்பக் கட்டவில்லை. வழிகாட்டி வாய் தவறிக்கூட 'அடிமை' என்று சொல்லவில்லை, 'பணியாளர்கள்' என்றே சொல்லிக்கொண்டு வந்தார். பட்லர் அதைக் கேட்டுக்கொண்டே கூட்டத்தோடு நடந்தார். நாவல் 1979-இல் வந்தது.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வாசலில் குனிந்து போயிருப்பார். நீங்கள் அவர் மேல் கோபப்பட்டும் இருப்பீர்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

*எங்கள் கடற்கரைப் பேச்சில் ஒரு நாவல் எழுதினேன். பொது வழக்குக்கு மாற்றிக் கொடுத்தால் போடலாம் என்கிறார் பதிப்பாளர். மாற்றலாமா?*
– ஒரு வாசகர், தூத்துக்குடி

நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் மாற்றவில்லை, அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. 1860-இல் 'க்ளோடில்டா' என்ற கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் அலபாமாவுக்குத் திருட்டுத்தனமாக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர் கொசோலா. அமெரிக்காவில் அவருக்கு இட்ட பெயர் கட்ஜோ லூயிஸ். 1927-இல் ஹர்ஸ்டன் அவரைத் தேடிப் போனார். பீச் பழம், தர்பூசணி, பன்றித் தொடைக்கறி, பூச்சி மருந்து என்று கையில் எதையாவது கொண்டுபோய் அந்த முதியவரின் வாசலில் உட்காருவார். சில நாள் பேச்சு நடக்கும். சில நாள் இருவருமாகச் சாப்பிட்டதோடு சரி. அவர் பேசியது பேசியபடியே எழுதப்பட்டது. வைக்கிங் பதிப்பகம் பேச்சு வழக்கை எடுத்துவிட்டுச் சரியான மொழியில் எழுதித் தரச் சொன்னது. ஹர்ஸ்டன் மறுத்தார். 1931-இல் முடிந்த கையெழுத்துப் பிரதி 'பாரக்கூன்' என்ற பெயரில் 2018-இல்தான் புத்தகமானது. அவர் 1960-லேயே வறுமையில் இறந்துபோயிருந்தார்.

நான் புரூஃப் பார்த்த காலத்தில், 'வந்துட்டுப் போனாக' என்பதை 'வந்துவிட்டுப் போனார்கள்' என்று நானே திருத்தியிருக்கிறேன். மேலே இருப்பவர்கள் சொன்னார்கள், செய்தேன். அந்தப் பக்கங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சியோடு சொல்கிறேன்: இன்னும் இரண்டு பதிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் மாற்றாதீர்கள்.

*என் நாவலின் கையெழுத்து நோட்டை டைப் செய்யக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. என்னிடம் வேறு பிரதி கிடையாது. மறுபடி எழுத உட்காரலாமா?*
– ஒரு வாசகர், வந்தவாசி

உட்காராதீர்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து அந்தக் கடைக்குப் போங்கள். போக முடியாவிட்டால் அதட்டிக் கேட்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். காரணம் சொல்கிறேன்.

சினுவா அச்சிபி நைஜீரிய வானொலியில் வேலை பார்த்தவர். நைஜீரியாவின் இக்போ இனத்தாருடைய ஒரு கிராமத்தின் மூன்று தலைமுறையை ஒரே நாவலாக எழுதி வைத்திருந்தார். பிபிசி பயிற்சிக்காக லண்டன் போனபோது அங்கிருந்த எழுத்தாளர் கில்பர்ட் ஃபெல்ப்ஸிடம் காட்டினார். அவருக்குப் பிடித்துவிட்டது, பதிப்பாளரிடம் கொடுக்கிறேன் என்றார். அச்சிபி, இன்னும் ஆகவில்லை என்று திரும்ப வாங்கிக்கொண்டார். ஊருக்கு வந்து மற்ற இரண்டு தலைமுறையையும் வெட்டி எறிந்து, முதல் தலைமுறையான ஒக்கொன்கோவின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தி எழுதினார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். முதல் புத்தகத்துக்கு வாசல் திறந்திருக்கும்போது ஒருவன் 'இரு' என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பிறகுதான் வினை. பதிப்பாளருக்கு அனுப்பினால் டைப் அடித்த பிரதியாக இருக்க வேண்டும் என்று நினைத்து, லண்டன் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, ஒரு டைப்பிங் நிறுவனத்துக்குக் கையெழுத்துப் பிரதியைத் தபாலில் அனுப்பினார். அந்த ஒரு பிரதிதான் உலகத்திலேயே இருந்தது. கிடைத்தது, இவ்வளவு பணம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினார். அதோடு சத்தமே இல்லை. மாதக்கணக்கில் கடிதம் போட்டுப் பார்த்தார். கவலையில் உடம்பு இளைத்துக்கொண்டே போனதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அவருடைய மேலதிகாரி ஏஞ்சலா பீட்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி. விடுமுறைக்கு லண்டன் கிளம்பியவரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா நேரே அந்த அலுவலகத்துக்குப் போய் நின்று கேட்டார். பிரதி மூலையில் கிடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து யாரோ அனுப்பியது என்று தொடவே இல்லை. அவசர அவசரமாக அடித்து அனுப்பிவைத்தார்கள். ஹைன்மன் பதிப்பகம், ஆப்பிரிக்கர் எழுதிய நாவல் விற்குமா என்று தயங்கி, மேற்கு ஆப்பிரிக்கா போய்வந்திருந்த பேராசிரியர் டொனால்ட் மெக்ரேயிடம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நான் படித்த மிகச் சிறந்த முதல் நாவல் என்று ஒரே வரியில் அறிக்கை தந்தார். 1958 ஜூனில் 2,000 பிரதி அச்சிட்டார்கள். 'திங்ஸ் ஃபால் அபார்ட்' என்ற அந்த நாவல் 50-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது. வெட்டிய பகுதியிலிருந்து 1960-இல் இன்னொரு நாவல் வந்தது.

பிரதி தொலைந்திருந்தால் எழுதுவதையே விட்டிருக்கக்கூடும் என்று அச்சிபி சொன்னார். மறுபடி எழுதினாலும் அது வேறு புத்தகமாகத்தான் இருந்திருக்கும் என்றார். எனக்கு அது தெரியும். என் கதைகள் பதினொன்றை ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தேன், ஒரே பிரதி. அலுவலகம் இடம் மாறியதில் காணவில்லை என்றார்கள். எனக்காகப் போய் நிற்க யாரும் இல்லை, நானும் போகவில்லை. ஞாபகத்திலிருந்து நாலு கதையை மீட்டேன். நாலும் வேறு கதைகள். அதனால்தான் பஸ் ஏறுங்கள் என்கிறேன். நோட்டு கையில் வந்ததும் ஜெராக்ஸ் எடுக்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

*அமெரிக்காவில் முதன்முதலில் புத்தகம் போட்ட கறுப்பினப் பெண்ணுக்குப் பரீட்சை வைத்தார்களாமே, உண்மையா? அவருக்குப் பணம் ஏதாவது கிடைத்ததா?*
– ஆசிரியை, கும்பகோணம்

ஃபிலிஸ் வீட்லி. 1761-இல் ஏழெட்டு வயதில் பாஸ்டனில் விற்கப்பட்டவர். 'ஃபிலிஸ்' என்பது அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயர். அதையே குழந்தைக்கும் வைத்தார்கள். 1772-இல் கவிதைத் தொகுப்புக்கு முன்பதிவு கேட்டு பாஸ்டனில் விளம்பரம் வந்தது. போதிய ஆள் சேரவில்லை. ஒரு அடிமைப் பெண் இதை எழுதியிருப்பாள் என்று பலர் நம்பத் தயாராக இல்லை. கவர்னர் உட்பட 18 பெரிய மனிதர்கள், இவள்தான் எழுதினாள் என்று கையெழுத்துப் போட்ட சான்றோடு 1773-இல் லண்டனில் புத்தகம் வந்தது. பதினெட்டுப் பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்டதாகச் சொல்லும் காட்சிக்கு ஆவணம் இல்லை. அந்தச் சான்று புத்தகத்திலேயே இருக்கிறது.

பணம்? 1773 அக்டோபரில் அவர் வெளியூர்க்காரர் ஒருவருக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. அதற்குள் விடுதலை கிடைத்திருந்தது. விற்பனையில் பாதி எனக்கு, அதனால் உங்கள் ஊரில் யாரும் திருட்டுத்தனமாக அச்சடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அசல் பிரதி எது என்று தெரிய என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன் என்கிறார். சொந்த உடம்பே சொந்தமாகச் சில வாரங்கள் ஆன, இருபது வயது தொட்ட பெண் எழுதியது இது. 27 வருஷம் அச்சகத்தில் இருந்த எனக்கு அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

புத்தகக் கட்டுகள் பாஸ்டனுக்கு வந்த கப்பல் 'டார்ட்மத்'. சில வாரங்களில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துப் பாஸ்டன்காரர்கள் கடலில் கொட்டிய தேயிலையும் அதே கப்பலில்தான் வந்தது. நல்லவேளை, புத்தகம் முதலிலேயே இறங்கிவிட்டது.

1779-இல் இரண்டாவது தொகுப்புக்கு விளம்பரம் கொடுத்தார். முப்பத்துச் சொச்சம் கவிதைகள், பதின்மூன்று கடிதங்கள். அமெரிக்க விடுதலைப் போர்க்காலம், பணம் சேரவில்லை. 1784-இல் இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

*இவர்களில் யாரையாவது தமிழில் படிக்க முடியுமா?*
– ஒரு வாசகர், ஓசூர்

அச்சிபியின் நாவலை என்.கே.மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழில் தந்திருக்கிறார். அதிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலம் தயக்கமில்லை என்றால் அடுத்தது 'கிண்ட்ரெட்'. ராத்திரி எடுக்காதீர்கள், வைக்க முடியாது.