பதில்: யூரியேஸ் பேண்ட் வருது, ஆனா பிங்க் கலர் வரல

வயித்துல வாழுற ஹெலிகோபாக்டர் கிருமியோட யூரியேஸை (யூரியாவை உடைக்கிற என்ஸைம்) ஈகோலை பாக்டீரியால செய்ய வச்சா, ஜெல்லுல அதோட ரெண்டு பாகமான யூர்ஏ, யூர்பி பேண்ட் தடியா வருது, நிக்கல் காலம்ல சுத்தம் பண்ணி ட்யூப்ல நிக்கல் குளோரைடு கூட ஊத்தியும் ஃபீனால் ரெட் (அம்மோனியா வந்தா பிங்க் ஆகுற சாயம்) மஞ்சளாவே நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. உங்க புரோட்டீன் கெட்டுப்போகல, அதுக்குள்ள நிக்கலே போகல, அவ்ளோதான்.

காலம்ல இருக்கிற நிக்கல் ஹிஸ் டேக்கைத்தான் (சுத்தம் பண்ண புரோட்டீன்ல ஒட்டின ஹிஸ்டிடின் வால்) பிடிக்கும், ஆக்டிவ் சைட்டுக்குள்ள (என்ஸைம் வேலை செய்யுற இடம்) போகாது. அங்க ஒரு லைசின் மேல கார்பன் டை ஆக்ஸைடு ஒட்டினாதான் ரெண்டு நிக்கல் அயனியும் சரியா உக்காரும், அதை உக்கார வைக்கவே ஹெலிகோபாக்டர் யூர்ஈ, எஃப், ஜி, ஹெச்னு நாலு உதவி புரோட்டீன் வச்சிருக்கு, நீங்க ஏ, பி மட்டும் குளோன் பண்ணா ஈகோலை பாவம் என்ன பண்ணும்? முழு யூரியேஸ்ல ஏ 12, பி 12, ஜோடிக்கு ரெண்டுன்னு ஆக 24 நிக்கல். இவ்ளோ மெனக்கெட்டு அதை கட்டுறதுக்கு காரணம், யூரியாவை உடைச்சு வர்ற அம்மோனியா இல்லன்னா வயித்து ஆசிட்ல அந்த கிருமி குடியேறவே முடியாது.

அதனால முழு ஜீன் தொகுப்பையும் போடுங்க, நிக்கலை வளர்க்கும்போதே மீடியால குடுங்க, மைக்ரோமோலார் அளவு போதும். வழக்கமான எல்பி மீடியா வேணாம், அதுல இருக்கிற ஹிஸ்டிடின் மாதிரி அமினோ அமிலங்க நிக்கலை பிடிச்சு வச்சுக்கும், அமினோ அமிலம் சேர்க்காத எம்9 மீடியா எடுங்க. அஸேக்கு (என்ஸைம் வேலை செய்யுதான்னு பார்க்கிற சோதனை) பாஸ்பேட் பஃபரும் வேணாம், அதுவே யூரியேஸை கொஞ்சம் தடுக்கும், ஹெப்பிஸ் பஃபர்ல பண்ணிப் பாருங்க.